கணக்கெழுதிய மடாதிபதி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, கோதிக் கட்டடக்கலை பாரிஸ் நகருக்குச் சற்று வடக்கே உள்ள சேன் தெனி மடத்து ஆலயத்தில் 12ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது என்றும், அதைக் கட்டுவித்தவர் சுஜே என்னும் மடாதிபதி என்றும் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரி பல கடிதங்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. எல்லாம் ஒரே மனிதரைப் பற்றியவை என்பதால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அவருக்கே கொடுத்துவிட்டோம். பெயரைப் பற்றி முதலிலேயே ஒரு சொல். ஆங்கில எழுத்தைப் பார்த்துச் சிலர் ‘சுகர்’ என்று எழுதியிருக்கிறார்கள். நம் புராணத்துச் சுக முனிவரோடு இவருக்கு உறவு எதுவும் இல்லை. பிரெஞ்சு நாவில் அது ஏறத்தாழ ‘சுஜே’ என்றே ஒலிக்கும்.

கேள்வி: உலகைத் துறந்து மடத்தில் சேர்ந்தவர் நாட்டை ஆண்டார் என்பது முரணாகத் தோன்றுகிறதே. இவர் எப்படி அரசியலுக்குள் வந்தார்? (திருச்சிராப்பள்ளி வாசகர்)

அவர் உலகைத் துறந்தார் என்று சொல்வதைவிட, அறியாப் பருவத்திலேயே மடத்திற்குக் கொடுக்கப்பட்டார் என்று சொல்வதே பொருத்தம். சுஜே 1081ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். பெரிய குடும்பத்துப் பிள்ளை அல்லர். ஏறத்தாழ பத்து வயதில் பெற்றோர் அவரைச் சேன் தெனி மடத்துக்கு நேர்ந்து கொடுத்தார்கள். அந்த மடத்துப் பள்ளியில் அதே காலத்தில் படித்த மற்றொரு சிறுவன்தான் பிற்காலத்தில் ஆறாம் லூயி என்ற பெயரில் அரியணை ஏறிய இளவரசன். இவருடைய அரசியல் வாழ்வுக்கு அந்தப் பள்ளிப் பழக்கமே வாசல் ஆயிற்று.

ஆனால் பழக்கம் மட்டும் ஒருவரை அரசவையில் முப்பது ஆண்டு நிலைநிறுத்தாது. மடத்துக்குச் சொந்தமான ஊர்களை மேற்பார்க்கும் காரியக்காரராக அவர் முதலில் நார்மண்டியின் பெர்ன்வாலுக்கும், பிறகு போஸ் சமவெளியில் உள்ள தூரிக்கும் அனுப்பப்பட்டார். தூரியில் அவருக்கு வாய்த்த அண்டை வீட்டுக்காரர் லெ புய்சே கோட்டைக்குரிய யூக் என்ற பிரபு. மடத்துக் குடியானவர்களின் தானியத்தையும் மாட்டையும் அவருடைய ஆட்கள் ஓட்டிச் செல்வது வழக்கமாக இருந்தது. சுஜே மன்னரிடம் முறையிட்டார். முறையிட்டதோடு நில்லாமல் தூரியையே அரச படைக்குத் தளமாக்கிக் கொடுத்தார். 1111இல் லூயி அந்தக் கோட்டையை இடித்தார். அது மறுபடி எழும்பிற்று, மறுபடி இடிக்கப்பட்டது. 1118 வரை இந்தக் கதை நீண்டது.

அந்நாளைய பிரெஞ்சு மன்னருடைய நிலைமையை மனத்தில் கொண்டால்தான் இதன் எடை விளங்கும். பெயருக்கு நாடு முழுவதற்கும் அவர் அரசர். உண்மையில் பாரிஸிலிருந்து ஓர்லேயான் வரையிலான ஒரு துண்டு நிலமே அவர் கையில் இருந்தது. அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே மோன்லேரியில் நின்ற ஒரு கோட்டைக்காரனைத் தாண்டி நிம்மதியாகப் பயணம் செய்யக்கூட அவருடைய தந்தை முதலாம் பிலிப்பால் முடியவில்லை. அந்தக் கோபுரம் தந்த தொல்லையிலேயே தாம் கிழவனாகிவிட்டதாக அவர் மகனிடம் சொல்லிப் புலம்பியதைச் சுஜேயே எழுதிவைத்திருக்கிறார். இத்தகைய மன்னருக்கு, களத்து மேட்டையும் அறிந்து, இலத்தீனில் கடிதமும் எழுதி, உரோமாபுரிக்குத் தூதும் போகக்கூடிய ஒரு துறவி எவ்வளவு பயன்பட்டிருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: மன்னர்தான் அவரை மடாதிபதி ஆக்கினாரா? (காரைக்குடி வாசகி)

இல்லை, அதனால் வந்த சிக்கலும் சுவையானது. 1122இல் சுஜே அரச காரியமாகத் திருத்தந்தையைக் கண்டுவிட்டு இத்தாலியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது, மடாதிபதி ஆதாம் இறந்த செய்தியும், அவரிடத்தில் துறவிகள் தம்மையே தேர்ந்தெடுத்துவிட்ட செய்தியும் வழியிலேயே வந்து சேர்ந்தன. மன்னரின் ஒப்புதலைக் கேளாமல் அந்தத் தேர்தல் நடந்திருந்தது. சினம் கொண்ட லூயி, செய்தி சொல்ல வந்தவர்களை ஓர்லேயான் கோட்டையில் அடைத்துவிட்டார். தம் நண்பரின் பெயரைச் சொல்லி வந்தவர்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. தன்னைக் கேட்காமல் நடந்தது என்பதே அவருக்குக் குறை. திருச்சபையின் உரிமைக்காக மன்னரோடு மோதுவதா, பணிந்து போவதா என்று சுஜே வழியெல்லாம் கலங்கியிருக்கிறார். ஆனால் அவர் ஊர் வந்து சேர்வதற்குள் மன்னரின் சினம் தணிந்துவிட்டது. அதுவரை குருப்பட்டம்கூடப் பெறாதிருந்த சுஜே, அதைப் பெற்ற மறுநாளே மடாதிபதியாகத் திருநிலைப்படுத்தப்பட்டு, 1151இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

கேள்வி: மடத்தின் பீடத்திலிருந்து கொடியை எடுத்துக்கொண்டு மன்னர் போருக்குப் போனார் என்கிறார்கள். இதில் சுஜேயின் பங்கு என்ன? (மதுரை வாசகர்)

1124ஆம் ஆண்டு ஜெர்மானியப் பேரரசர் ஐந்தாம் ஹென்றி, தம் மாமனாரான இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியின் பக்கம் நின்று, பிரான்சின் கிழக்கு எல்லை நோக்கிப் படையெடுக்கப் புறப்பட்டார். லூயி அப்போது ஓடிவந்தது சேன் தெனிக்கு. மூன்றாம் நூற்றாண்டில் தலை வெட்டப்பட்டு வேதசாட்சியாக இறந்த, பாரிஸின் முதல் ஆயர் என்று போற்றப்படும் தெனியின் எலும்புகள் இருக்கும் இடம் அது. அந்தப் பேழைகள் பீடத்தின்மேல் வைக்கப்பட்டன. மன்னர் அங்கிருந்த கொடியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் நுட்பமான ஒரு சட்டச் செய்தி இருக்கிறது. அந்தக் கொடி வெக்சான் என்னும் பகுதிக்குரிய கொடி. வெக்சான் நிலம் மடத்துக்குச் சொந்தமானது. அதை மடத்திடமிருந்து மானியமாகப் பெற்று ஆளும் பிரபுவின் இடத்தில் இப்போது மன்னரே இருந்தார். ஆகவே, தான் அரசன் என்ற ஒன்று மட்டும் குறுக்கே நில்லாவிட்டால், புனித தெனிக்கு அடிபணிந்து உறுதிமொழி செய்யக் கடமைப்பட்டவன் என்று மன்னர் ஒப்புக்கொண்டதாகச் சுஜே எழுதுகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது மன்னருக்கு இழிவு. கொஞ்சம் யோசித்தால் இதைவிடப் பெரிய உயர்வு இல்லை என்பது புலப்படும். மண்ணில் யாருக்கும் கீழ்ப்படாதவர், ஒரு புனிதருக்கு மட்டுமே கீழ்ப்பட்டவர் என்றால், அவருடைய எதிரிகள் அந்தப் புனிதருக்கே எதிரிகள் ஆகிவிடுகிறார்கள். அதுவரை மன்னரை ஏறிட்டும் பாராத பெரிய பிரபுக்கள் பலர் அந்தக் கொடியின்கீழ் ஆள் அனுப்பினார்கள். ரான்ஸ், ஷாலோன் பகுதிகளிலிருந்து மட்டும் அறுபதாயிரம் பேர் திரண்டதாகச் சுஜே சொல்லும் கணக்கை நாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. எண்ணிக்கையில் தாராளம் காட்டுவது எல்லா நாட்டு அரசவை எழுத்தாளர்களுக்கும் உள்ள பழக்கம். படை திரண்டது உண்மை. பேரரசர் போரிடாமலே திரும்பிப் போனதும் உண்மை.

நன்றிக் காணிக்கையாக மன்னர் மடத்துக்குத் தந்த சலுகைகளில் லாந்தி சந்தையின்மேல் உரிமையும் ஒன்று. கோடைத் தொடக்கத்தில் மடத்தருகே கூடும் அந்தப் பெருஞ்சந்தையின் வருமானம் பின்னால் ஆலயத் திருப்பணிக்கே போயிற்று. அந்தக் கொடியோ பிற்காலத்தில் ‘ஓரிஃப்ளாம்’ என்று புகழ்பெற்ற செங்கொடியோடு ஒன்றாக எண்ணப்பட்டு, நெடுங்காலம் பிரெஞ்சு மன்னர்கள் போருக்குப் புறப்படும்போதெல்லாம் எடுத்துச் செல்லும் கொடியாயிற்று. தன் நண்பரின் வரலாற்றைச் சுஜே ஒரு நூலாகவே எழுதினார். அதில் லூயி செய்யும் ஒவ்வொரு போரும் ஏழைகளையும் ஆலயங்களையும் காக்கும் போராகவே வருகிறது. அந்தச் சித்திரத்தில் ஓரளவு உண்மையும் உண்டு, ஓரளவு வண்ணமும் உண்டு.

கேள்வி: கோதிக் கட்டடக்கலையைக் கண்டுபிடித்தவர் சுஜே என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அது சரியா? (கோயம்புத்தூர் கட்டடக்கலை மாணவி)

அப்படியே சரி என்று சொல்ல முடியாது. தவறு என்று தள்ளவும் முடியாது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சுஜேக்கு முந்திய பெரிய ஆலயங்களில் கல்லால் கவிந்த கூரையின் பாரம் சுவர் நெடுகிலும் இறங்கியது. ஆகவே சுவர் தடிமனாக இருக்க வேண்டும். சாளரம் சிறிதாக இருக்க வேண்டும். உள்ளே இருட்டாகத்தான் இருக்கும். இதை மாற்றிய உத்திகள் இரண்டு. கூரையின் வளைவுக்கு அடியில் விலா எலும்புகளைப் போல் குறுக்கும் நெடுக்கும் கல் வரிகளை ஓட்டி, பாரத்தைக் குறிப்பிட்ட தூண்களில் மட்டும் இறங்கச் செய்வது ஒன்று. அரைவட்ட வளைவுக்குப் பதிலாக உச்சி கூர்ந்த வளைவைப் பயன்படுத்துவது மற்றொன்று. அரைவட்டத்தின் உயரம் அதன் அகலத்தில் பாதிதான் இருக்க முடியும். கூர்வளைவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால், அகலம் வேறுபட்ட இடைவெளிகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். வளைந்து செல்லும் சுற்றுப்பாதைக்குக் கூரை போடும்போது இது எவ்வளவு பெரிய வசதி என்பதை உங்களைப் போன்ற மாணவர்கள் உடனே உணர்வீர்கள்.

இவ்விரண்டுமே சேன் தெனியில் பிறந்தவை அல்ல. இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயத்தில் 1093இல் தொடங்கிய திருப்பணியிலேயே விலா வரிகள் வந்துவிட்டன. கூர்வளைவு பர்கண்டிப் பகுதியின் குளூனி மடத்தில் இருந்தது. இஸ்லாமிய உலகில் அதற்கும் வெகு முன்பே இருந்தது. சான்ஸ் நகரப் பேராலயமும் ஏறத்தாழ சேன் தெனியோடு ஒரே காலத்தில் எழுந்ததுதான். சேன் தெனியில் நடந்தது, இந்த உத்திகள் எல்லாம் ஒரே நோக்கத்துக்காக ஒன்றுகூடியது. பீடத்தைச் சுற்றி இரட்டைப் பிராகாரம்போல் சுற்றுப்பாதை. அதன் வெளி விளிம்பில் ஒன்றோடொன்று ஒட்டிய சிற்றாலயங்கள். இடையில் சுவர் என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லாமல் மெல்லிய தூண்கள். ஒவ்வொரு சிற்றாலயத்திலும் உயர்ந்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். வியக்கத்தக்க, இடையறாத ஒளியால் ஆலயம் முழுவதும் துலங்கியது என்று சுஜே எழுதுகிறாரே, ‘இடையறாத’ என்ற அந்தச் சொல்லில்தான் புதுமை இருக்கிறது.

திருப்பணி நடந்த முறையும் கவனிக்கத்தக்கது. பழைய ஆலயத்தை ஏழாம் நூற்றாண்டு மன்னர் தகோபேர் கட்டியதாக மக்கள் நம்பினார்கள். இயேசு கிறிஸ்துவே இரவில் இறங்கிவந்து அதை அர்ப்பணம் செய்தார் என்றும், உள்ளே ஒளிந்திருந்த ஒரு தொழுநோயாளி அதைக் கண்டார் என்றும் ஒரு கதை வழங்கியது. கடவுளே கைபட்ட கல்லை யார் இடிப்பது? ஆகவே சுஜே நடுவில் கைவைக்காமல் இரண்டு முனைகளிலிருந்தும் தொடங்கினார். மேற்கில் மூன்று வாயில்களும் கோபுரங்களும் வட்ட வடிவ ரோஜாச் சாளரமும் கொண்ட முகப்பு 1140 ஜூன் 9 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு அடுத்த மாதம், ஜூலை 14 அன்று, கிழக்கில் பீடப் பகுதிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆறாம் லூயிக்குப் பின் மன்னரான அவர் மகன் ஏழாம் லூயி தம் கையாலேயே ஒரு கல்லை வைத்தார். உன் மதில்கள் எல்லாம் மணிக்கற்கள் என்ற பொருளுடைய பாடல் ஒலித்தபோது சிலர் தம் கையிலிருந்த மணிகளைக் குழிக்குள் இட்டார்கள். 1144 ஜூன் 11 அன்று அந்தப் பகுதியும் அர்ப்பணிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. இரண்டு முனைகளும் புதிதாகி, நடுப்பகுதி பழையதாகவே நின்றுவிட்டது. அதை மாற்றும் எண்ணமும் அவருக்கு இருந்தது, ஆனால் ஆயுள் போதவில்லை.

‘கண்டுபிடித்தவர்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். சுஜே உளி பிடித்தவர் அல்லர்; வரைபடம் போட்டவர் என்பதற்கும் சான்று இல்லை. அவர் இந்தத் திருப்பணியைப் பற்றித் தனி நூல்களே எழுதியும், தலைமைக் கொத்தனாரின் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. தம் பெயரை மட்டும் ஆலயத்தின் கல்வெட்டு வரிகள் பலவற்றில் பொறித்துவைத்தார். கோபுரத்தைக் கட்டிய பெருந்தச்சனை மறந்து கட்டுவித்தவரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் எந்த நாட்டுக்கும் புதிதல்ல. ஆனால் அந்தப் பெயர் தெரியாத தலைவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டவரும், அதற்குக் கல்லும் மரமும் பணமும் கொண்டுவந்து கொடுத்தவரும் சுஜேதான்.

கேள்வி: புதுச்சேரி இருதய ஆண்டவர் ஆலயத்தின் கூர்வளைவுகளும் இந்த வழி வந்தவைதானா? (புதுச்சேரி வாசகர்)

ஆம், ஆனால் மிகவும் சுற்றி வந்தவை. 12ஆம் நூற்றாண்டுக் கோதிக் பாணியை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா மீண்டும் கையில் எடுத்துக்கொண்டது. அந்த மறுபிறப்பின் பிள்ளைகளே 1907இல் அர்ப்பணிக்கப்பட்ட உங்கள் ஊர் ஆலயமும், 1896இல் கட்டி முடிக்கப்பட்ட சென்னைச் சாந்தோம் பேராலயமும். ‘கோதிக்’ என்ற பெயரே சுஜே அறியாதது. காட்டுமிராண்டிகளான கோத் இனத்தாரின் வேலை என்று இகழ்வதற்காக இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தவர் சூட்டிய பெயர் அது. அதற்கு முன் இதைப் ‘பிரெஞ்சு வேலை’ என்று சொல்லும் வழக்கம் இருந்தது.

கேள்வி: இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? மன்னர் கொடுத்தாரா? (சிவகாசி வாசகர்)

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. சுஜேயை அறிய இதைவிட நல்ல வழி இல்லை என்பது எமது கருத்து. மடாதிபதியாகி இருபத்துமூன்றாம் ஆண்டில், தம் நிருவாகத்தில் நடந்தவற்றைப் பற்றி அவர் எழுதிய நூல் கிடைத்திருக்கிறது. கட்டடக்கலை ஆர்வலர்கள் அதன் இரண்டாம் பாதியை மட்டுமே படிப்பார்கள். முதற்பாதி முழுவதும் ஊர் ஊராக வரவு: எந்த நிலம் எவ்வளவு தந்தது, இப்போது எவ்வளவு தருகிறது, எந்தப் பிரபு கவர்ந்திருந்தான், எப்படி மீட்டோம் என்பவை. தூரியின் வருமானம் 20 லிவ்ரிலிருந்து (லிவ்ர் என்பது அந்நாளைய பிரெஞ்சுப் பணக் கணக்கு) 80 ஆயிற்று. திருடர்கள் பதுங்கும் காடாகக் கிடந்த வோக்ரேசோன் என்ற இடத்தில் வீடும் ஆலயமும் கட்டி, நிலத்தை உழச் செய்து, ஏறத்தாழ அறுபது குடிகளை அமர்த்தினார். 1125இல், சேன் தெனி ஊரார் இறக்கும்போது அவர்கள் சொத்தில் மடம் எடுத்துக்கொள்ளும் பங்கை நீக்கி உரிமைச் சாசனம் கொடுத்தார். ஊரார் நன்றியோடு தந்த 200 லிவ்ரை மடத்தின் வாயிலைப் புதுப்பிக்க எடுத்துவைத்தார்.

திருப்பணிக்கு ஆண்டுக்கு 200 லிவ்ர் என்று ஒதுக்கினார். லாந்தி சந்தைக் காலக் காணிக்கையிலிருந்து 100, புனித தெனி திருநாள் காணிக்கையிலிருந்து 50, போஸ் பகுதி நிலம் ஒன்றிலிருந்து 50. கண்ணாடிகளைப் பழுதுபார்க்க ஒரு கைவினைஞரையும், பொன் வேலைகளைக் கவனிக்க ஒரு தட்டாரையும் நிரந்தரமாக அமர்த்தி, பீடத்துக் காணிக்கையில் காசும் பொதுக் களஞ்சியத்தில் மாவும் அவர்களுக்கு என்று எழுதிவைத்தார். ஆலயம் கட்டுவதோடு தம் வேலை முடிந்துவிட்டது என்று இருப்பவர்கள் இதையெல்லாம் எழுத மாட்டார்கள்.

நிருவாகிக்குரிய பிடிவாதமும் அவரிடம் இருந்தது. மேற்குப் பகுதிக்கு நெடிய உத்திரங்கள் தேவைப்பட்டபோது, அவ்வளவு பெரிய மரம் இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று தச்சர்கள் சொல்லிவிட்டார்கள். இரவு மன்றாட்டு முடிந்து படுத்தவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் உத்திரங்களின் அளவை எடுத்துக்கொண்டு, தச்சர்களையும் அழைத்துக்கொண்டு இவ்லின் காட்டுக்குப் போனார். காட்டுக் காவலர்கள் சிரித்தார்கள். புதரும் முள்ளும் விலக்கித் தேடிப் பிற்பகலுக்குள் பன்னிரண்டு மரங்களைக் கண்டுபிடித்தார், வேண்டியிருந்ததும் பன்னிரண்டுதான். தூண்களுக்கு உரோமாபுரியின் பழைய மாளிகைகளிலிருந்து பளிங்கைக் கப்பலில் கொண்டுவரலாமா என்றுகூட யோசித்திருந்தவருக்கு, போந்துவாஸ் அருகிலேயே நல்ல கல் குவாரி கிடைத்தது. இவற்றையெல்லாம் அவர் அற்புதங்கள் என்றே எழுதுகிறார். அற்புதத்திற்கும் அளவுகோலை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.

கேள்வி: ‘ஒளியே இறைவன்’ என்ற தத்துவம்தான் அந்த ஆலயத்தைத் தோற்றுவித்தது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். விளக்க முடியுமா? (கும்பகோணம் வாசகர்)

இதில் மூன்று தெனிகள் ஒருவராகிவிட்ட வேடிக்கை இருக்கிறது. பாரிஸின் ஆயரான வேதசாட்சி ஒருவர்; ஏதென்ஸ் நகரில் புனித பவுலால் மனம் மாறிய தியோனீசியு மற்றொருவர்; அந்த ஏதென்ஸ்காரரின் பெயரைச் சூடிக்கொண்டு, இறைவனிடமிருந்து ஒளி படிப்படியாக இறங்கிவருவதைப் பற்றிக் கிரேக்கத்தில் எழுதிய பிற்காலத்து ஆசிரியர் மூன்றாமவர். அந்த ஆசிரியரின் சுவடியை 827இல் பைசாந்தியப் பேரரசர் பிரெஞ்சு நாட்டுக்குப் பரிசாக அனுப்ப, அது சேன் தெனி மடத்துக்கே வந்து சேர்ந்தது. மூவரும் ஒருவரே என்று மடம் நம்பியது. இதை ஐயுற்றுப் பேசிய தத்துவ அறிஞர் அபேலார், அங்கே துறவியாக இருந்தபோது பட்ட பாடு பெரும்பாடு. அவர் மடத்தை விட்டு விலகி வாழ இசைவு கிடைத்தது சுஜே பொறுப்பேற்ற பிறகுதான்.

மங்கிய மனம் பொருள்களின் வழியாகவே உண்மையை நோக்கி எழுகிறது என்று சுஜே தம் ஆலயத்தின் பொன்முலாம் பூசிய கதவில் பொறித்தார். இதில் அந்தச் சுவடியின் சாயல் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சுவடியைப் படித்துவிட்டு அதிலிருந்து ஆலயத்தைக் கட்டினார் என்னும் விளக்கம் 20ஆம் நூற்றாண்டில் ஓங்கி, பிறகு ஆய்வாளர்களாலேயே பெரிதும் தளர்த்தப்பட்டுவிட்டது. எமக்கும் அந்த ஐயம் உண்டு. திருநாள் நெரிசலில் பெண்கள் ஆண்களின் தலைமேல் நடந்து பீடத்தை அடைந்ததையும், புனிதப் பொருள்களைக் காட்டிய துறவிகள் சாளரம் வழியே தப்பி ஓடியதையும் அவர் எழுதியிருக்கிறார். இடத்தைப் பெரிதாக்க அதைவிடப் பெரிய தத்துவம் வேண்டுமா?

கேள்வி: புனித பெர்னார்து இத்தகைய ஆடம்பரத்தைக் கண்டித்தாரே. இருவருக்கும் பகையா? (பாளையங்கோட்டை வாசகி)

கிளேர்வோ மடத்துப் பெர்னார்து 1125ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய கண்டனம் கடுமையானது: ஆலயம் சுவர்களில் மின்னுகிறது, ஏழைகளிடத்தில் வறுமையில் வாடுகிறது என்றார். சேன் தெனியையே அவர் சாத்தானின் தொழுகைக்கூடம் என்று சொன்னதுண்டு. அரச காரியமும் வீரர் நடமாட்டமும் அங்கே மிகுந்திருந்தன. 1127இல் சுஜே மடத்தின் ஒழுங்கைத் திருத்தியமைத்தபோது அதே பெர்னார்து பாராட்டிக் கடிதம் எழுதினார். அதன்பின் இருவருக்கும் இடையே சொல்லப்படாத ஓர் உடன்பாடு நிலவியது என்றே தோன்றுகிறது: வாழ்க்கை எளிமையாக இருந்தால் ஆலயம் எப்படியும் இருக்கட்டும். சுஜேயின் சொந்த அறை பத்தடிக்குப் பதினைந்தடிதான் என்று அவருடைய மடத்துத் துறவி ஒருவர் பதிவு செய்திருக்கிறார். அதைக் கண்ட குளூனி மடாதிபதி பீட்டர், இந்த மனிதர் நம் எல்லோரையும் வெட்கப்பட வைக்கிறார், தமக்காக அல்ல, கடவுளுக்காகவே கட்டுகிறார் என்று பெருமூச்சு விட்டாராம்.

ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. பொற்சிலுவைக்கு மணிகள் போதாமல் சுஜே தவித்துக்கொண்டிருந்தபோது, பெர்னார்தின் துறவுக் குடும்பத்துக்குத் தாய்மடமான சித்தோவும் வேறு இரண்டு மடங்களும், தங்களுக்குக் கொடையாக வந்த மணிகளை விற்க வந்தன. எளிமை நோன்பு பூண்டவர்களுக்கு அவை எதற்கு? 400 லிவ்ருக்கு வாங்கிக்கொண்டார். அவற்றின் மதிப்பு அதைவிட மிகுதி என்று அவரே மகிழ்ந்து எழுதுகிறார்.

கேள்வி: எலோயிஸை மடத்திலிருந்து வெளியேற்றியவர் இவர்தானே? (சென்னை வாசகி)

இவரேதான். அபேலாரின் காதலியும் மனைவியுமாக இருந்து கன்னியராகிய எலோயிஸ், அர்ஜாந்தோய் கன்னியர் மடத்தில் பொறுப்பில் இருந்தார். அந்த மடம் பழங்காலத்தில் சேன் தெனிக்கு உரியது என்று ஆவணங்களைக் காட்டியும், அங்கே ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று குற்றம் சாட்டியும், 1129இல் சுஜே அதைக் கைப்பற்றினார். கன்னியர் கலைந்து போனார்கள். அந்த ஆவணங்களின் நம்பகத்தன்மையை ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். ஒழுக்கக் குற்றச்சாட்டோ, சொத்து வழக்குகளில் கூடவே வரும் பழைய துணை. இவ்விஷயத்தில் சுஜேக்காக வாதாட எமக்கு மனமில்லை. எலோயிஸ் பின்னர் பாராக்லே என்ற இடத்தில் புதிய மடத்தை நடத்திப் புகழ்பெற்றார்.

கேள்வி: சிலுவைப் போரின்போது நாட்டை ஆண்டாரே, அந்த ஆட்சி எப்படி இருந்தது? (ஈரோடு வாசகர்)

அதற்கு முன் ஒரு திருமணம். 1137 கோடையில், அக்கித்தேன் நாட்டின் வாரிசு எலியனோரை மணக்க இளவரசர் லூயி போர்தோவுக்குச் சென்றபோது உடன் சென்றவர்களில் சுஜே முக்கியமானவர். ஜூலை 25 அன்று திருமணம். ஒரு வாரத்தில் தந்தை லூயி இறந்துவிட, மணமகன் ஏழாம் லூயி ஆனார். பிரெஞ்சு அரசு தென்மேற்குக் கடல்வரை கைநீட்டியது அந்தத் திருமணத்தால்தான். இளைய மன்னரின் முதல் ஆண்டுகளில் சுஜேயின் சொல் அவையில் அவ்வளவாக எடுபடவில்லை. ஆலயப் பணி வேகமாக நடந்ததும் அந்த ஆண்டுகளிலேதான்.

இரண்டாம் சிலுவைப் போருக்கு மன்னர் புறப்படுவது சுஜேக்குப் பிடிக்கவில்லை. மன்னர் கேட்கவில்லை. 1147 பிப்ரவரியில் எத்தாம்ப் நகரில் கூடிய அவை, சுஜேயையும் நெவேர் பிரபுவையும் பொறுப்பாளர்களாகத் தெரிந்தது. பிரபுவோ துறவியாகப் போவதாக நேர்ந்துகொண்டேன் என்று விலகிக்கொண்டார். நாட்டை ஆள அழைக்கப்பட்ட பிரபு மடத்துக்குப் போக, மடத்திலிருந்தவர் நாட்டை ஆள வந்தார். திருத்தந்தை மூன்றாம் யூஜின் கட்டளையிட்ட பிறகே சுஜே இசைந்தார். ரான்ஸ் பேராயரும் வெர்மாந்துவா பிரபுவும் துணைக்கு இருந்தனர். பாரம் முழுவதும் சுஜேயின் தோளில்தான்.

கிழக்கிலிருந்து மன்னர் எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்தது ஒன்றே: இன்னாரிடம் கடன் வாங்கியிருக்கிறேன், திருப்பிக் கொடுத்துவிடுக. சுஜே வரியை ஒழுங்காகத் திரட்டிக் கடனை அடைத்தார். அரச மாளிகைகளைப் பழுதுபார்த்தார். 1149இல் போரிலிருந்து முன்னதாகத் திரும்பிய மன்னரின் தம்பி, த்ரு பிரபு இராபர்ட், அதிருப்தியாளர்களைச் சேர்த்துக்கொண்டு அரசைக் கவர முனைந்தார். சுஜே படையை அழைக்காமல் சுவாசோன் நகரில் ஆயர்களையும் பிரபுக்களையும் அவையாகக் கூட்டினார், திருத்தந்தையின் ஆதரவையும் பெற்றார், கிளர்ச்சி கரைந்துபோயிற்று. மன்னரை உடனே திரும்பிவரும்படி அவர் எழுதிய கடிதத்தில், அரசியைப் பற்றி உமக்கு மனக்கசப்பு இருக்குமானால் நாடு திரும்பும்வரை அதை மறைத்துவையும் என்று ஒரு வரி வருகிறது. மன்னருக்கும் எலியனோருக்கும் இடையே இருந்த விரிசலை அவர் நன்றாக அறிந்திருந்தார். நாடு திரும்பிய லூயி அவரைத் ‘தாய்நாட்டின் தந்தை’ என்று அழைத்தார்.

1151 ஜனவரி 13 அன்று சுஜே இறந்தார். 1152 மார்ச்சில் அந்தத் திருமணம் செல்லாது என அறிவிக்கப்பட்டது. மே மாதத்தில் எலியனோர் ஆஞ்சு பிரபு ஹென்றியை மணந்தார். 1154இல் அந்த ஹென்றி இங்கிலாந்து மன்னரானார். அக்கித்தேன் நாடு முழுவதும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. சுஜே இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆண் வாரிசு இல்லாத அந்தத் திருமணத்தை அவராலும் நெடுநாள் தாங்கிப் பிடித்திருக்க முடியுமா என்பது எமக்கு ஐயமே.

கேள்வி: அவர் கட்டியதில் இன்று காணக்கூடியது எது? விரைவில் பாரிஸ் செல்கிறேன். (பெங்களூரு வாசகர்)

மெட்ரோ இரயிலிலேயே போய்விடலாம். மேற்கு முகப்பைப் பார்க்கும்போது ஒற்றைக் கோபுரம் தெரியும். வடக்குக் கோபுரம் 19ஆம் நூற்றாண்டில் புயலால் பழுதடைந்து பிரித்தெடுக்கப்பட்டது. உள்ளே நிமிர்ந்து காணும் உயரமான பகுதிகள் 1231க்குப் பிறகு திருத்திக் கட்டியவை. அவற்றைச் சுஜேயுடையவை என்று எண்ணிவிட வேண்டாம். பீடத்தைச் சுற்றிய பாதையும் சிற்றாலயங்களும் அவருடையவை. கல்லறைகளில் பெரும்பாலானவை பிற்கால மன்னர்களுடையவை. 1793இல் புரட்சிக்காரர்கள் அவற்றைத் திறந்து எலும்புகளைக் குழியில் கொட்டினார்கள், பொன்னை உருக்கினார்கள். தப்பிய சிலவற்றை லூவ்ர் அருங்காட்சியகத்தில் காணலாம்: பெட்டியில் வீணே கிடந்த எகிப்தியச் செந்நிறப் போர்ஃபிரிக் கல் குடம் ஒன்றைப் பொன் தலையும் சிறகும் பூட்டிச் சுஜே கழுகாக மாற்றியது, எலியனோர் தம் கணவருக்குக் கொடுத்து அவர் வழியாக மடத்துக்கு வந்த படிகக் குடுவை ஆகியவை. அவருடைய திருப்பலிக் கிண்ணம் மட்டும் 1804இல் பாரிஸில் திருடுபோய், கைமாறிக் கைமாறி, இப்போது வாஷிங்டனில் இருக்கிறது.

கிழக்குச் சிற்றாலயங்களில், இயேசுவின் குழந்தைப் பருவத்தைக் காட்டும் கண்ணாடிச் சாளரத்தைத் தேடிப் பாருங்கள். வானதூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சியில், மரியாளின் காலடியில் ஒரு சிறிய துறவி தரையோடு தரையாகப் படிந்து கிடப்பார். பக்கத்திலேயே பெயர் எழுதியிருக்கும். காலை வெயில் அந்தப் பக்கம் விழும்போது போவது நல்லது.